கோடிங் கோர்ஸ் முடித்தாயிற்று, வேலை எங்கே? சென்னையில் முதல் வேலை தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜூனியர் டெவலப்பர் இடம் காலியானால், அறிவிப்பு போட்ட இரண்டாம் நாள் மாலைக்குள் முந்நூறு ரெஸ்யூமே வந்து குவிந்துவிடும். அவற்றைச் சலித்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. போன முறை அப்படி உட்கார்ந்தபோது பதினொரு ரெஸ்யூமேயில் ஒரே ப்ராஜெக்டைப் பார்த்தேன்: உணவு டெலிவரி செயலியின் நகல். செயலியின் பெயர் மட்டும் ஆளுக்கொன்று. அவற்றில் எட்டில் ஒரே எழுத்துப்பிழை, ஒரே வரியில். பயிற்சி மையம் கொடுத்த மாதிரியை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேராவது கெட்டிக்காரர்களாக இருந்திருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. பதினொன்றையும் ஒதுக்கினேன்.

நானும் 2009-இல் ஒரு பயிற்சி மையத்தில் ஜாவா படித்துவிட்டு, வேளச்சேரியில் நான்கு பேரோடு அறை எடுத்து ஒன்பது மாதம் அலைந்தவன்தான். அப்போதும் சந்தை படுத்துத்தான் கிடந்தது. அந்த ஒன்பது மாதத்தையும், இப்போது மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பார்ப்பதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஆறு மாத ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் முடித்துச் சான்றிதழோடு நிற்பவர்களுக்கு இது. ரெஸ்யூமேயைத் திறக்கிற ஆள் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றே ஒன்று: "இதை இவர்தான் செய்தாரா?" கீழே வரும் படிகள் எல்லாமே அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்யும் வேலைதான்.

முதல் படி: சந்தை ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் சீனியர்கள் சொல்லும் 2021-ஆம் ஆண்டுக் கதைகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது தனிக் காலம். 2021-22 நிதியாண்டில் டிசிஎஸ் ஏறத்தாழ ஒரு லட்சம் புதியவர்களை எடுத்தது. இன்போசிஸ் 85,000 பேரை எடுத்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரிந்தால் வேலை என்று கேலி பேசும் அளவுக்கு இருந்தது நிலைமை.

பிறகு அமெரிக்காவில் வட்டி ஏறியது. 2022 மார்ச்சில் ஏறத்தாழ பூஜ்யத்தில் இருந்த அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி விகிதம் 2023 ஜூலையில் 5.25 - 5.50 விழுக்காட்டுக்குப் போனது. கடன் விலையேறியதும் அங்குள்ள வங்கிகளும் கடைத்தொடர்களும் மென்பொருள் செலவைச் சுருக்கின. அங்கே சுருக்கினால் சோழிங்கநல்லூரில் ஆள் எடுப்பது நிற்கும். நம் தொழிலின் கட்டமைப்பு அப்படி. 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ்ஸில் 13,249 பேர் குறைந்தார்கள். 2004-இல் பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து அந்த நிறுவனத்தில் ஓராண்டு முடிவில் ஆள் குறைந்தது அதுவே முதல்முறை. இன்போசிஸில் 25,994, விப்ரோவில் 24,516. மூன்றையும் கூட்டினால் 63,759. அந்த இடங்களில் யாரும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. இடங்களே இல்லாமல் போயின. 2025 ஜூலையில் டிசிஎஸ் மேலும் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

இதற்கு நடுவில் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. முன்பெல்லாம் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்த சில்லறை வேலைகளை, அதாவது ஒரு படிவம் எழுதுவது, ஓர் அட்டவணையிலிருந்து தரவு எடுத்துக் காட்டுவது போன்றவற்றை, இப்போது சீனியர் ஒருவரே இந்தக் கருவிகளை வைத்து மதிய உணவுக்கு முன்பு முடித்துவிடுகிறார். பயிற்சி மையங்கள் ஆறு மாதம் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தச் சில்லறை வேலைகளைத்தான். சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. பூட்கேம்ப் என்று அங்கே சொல்லும் இந்தச் சில மாதக் கோடிங் பயிற்சிக்கு வழிபோட்ட டெவ் பூட்கேம்ப் 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி 2017-இலேயே மூடிவிட்டது. 2019-இல் 75 கோடி டாலர் கொடுத்து ஒரு பூட்கேம்ப் நிறுவனத்தை வாங்கிய 2யூ என்ற அமெரிக்க இணையவழிக் கல்வி நிறுவனம், 2024 டிசம்பரில் அந்தத் தொழிலே வேண்டாம் என்று அறிவித்தது.

இரண்டாம் படி: உங்கள் சொந்தக் கணக்கு

ஒரு தாளை எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள். பட்டம் முடித்த ஆண்டு. பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை மதிப்பெண். நிலுவையில் அரியர் உண்டா. கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது.

முதல் மூன்றும் எந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது என்று சொல்லிவிடும். பெரிய சேவை நிறுவனங்கள் பலவும் 60 விழுக்காடு, அரியர் கூடாது, குறிப்பிட்ட பேட்ச் மட்டும் என்று வரம்பு வைத்திருக்கின்றன. 2022 பேட்ச்சில் முடித்தவர் 2025, 2026 பேட்ச்சுக்கான தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டு அழைப்பு வரவில்லை என்று நொந்துகொள்வதில் பொருளில்லை. உங்கள் ரெஸ்யூமேயை மனிதக் கண் பார்ப்பதற்கு முன்பே கணினி கழித்துவிட்டது. அந்த நேரத்தை வேறு கதவில் செலவிடுங்கள்.

நான்காவதுதான் ஆளை உடைப்பது. மேடவாக்கத்திலோ துரைப்பாக்கத்திலோ அறை வாடகை, மெஸ், பஸ், போன் என்று மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் கரைந்துவிடும். கோர்ஸுக்குத் தவணைக் கடன் வாங்கியிருந்தால் அது தனி. மூன்று மாதத்துக்குக் குறைவாகத்தான் பணம் இருக்கிறது என்றால் ஊருக்குத் திரும்பிப் போய், அங்கே ஒரு பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே தேடுங்கள். சென்னையில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் வேலை வராது. முதல் சுற்றுகள் பெரும்பாலும் ஆன்லைனில்தான் நடக்கின்றன. ஊருக்குப் போனால் நாலு பேர் கேட்பார்களே என்று தயங்கி, அறை நண்பர்களிடம் கடன் வாங்கி, கடைசியில் அந்தக் கடனுக்குப் பயந்து கண்ட வேலையில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: ஒரே ஒரு ப்ராஜெக்ட், ஆனால் யாராவது பயன்படுத்துவது

இந்தப் படியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

போன ஆண்டு திண்டிவனம் பக்கமிருந்து ஒரு பெண் நேர்காணலுக்கு வந்தார். பி.எஸ்சி. கணிதம், பிறகு ஆறு மாத கோர்ஸ். ரெஸ்யூமேயில் ஒரே ப்ராஜெக்ட்: "வாடகைப் பாத்திரக் கடைக்கான முன்பதிவு". அவருடைய தாய்மாமன் கல்யாணம், காதுகுத்துக்கு அண்டா, தவலை, நாற்காலி, பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர். அந்தக் கடைக்கு எழுதியிருக்கிறார். பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. பச்சை நிறப் பொத்தான்கள் கண்ணைக் குத்தின.

"ஒரே முகூர்த்த நாளுக்கு இரண்டு பேர் ஒரே சமயத்தில் நாற்காலி கேட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஆயிற்று சார்" என்றார். தை மாதம் ஒரு நாள் மாமா கடையிலிருந்தும், கடைப் பையன் வண்டியிலிருந்தும் ஒரே நிமிடத்தில் இரண்டு ஆர்டரைப் பதிந்துவிட்டார்களாம். இரண்டு போனிலும் "இருப்பு உண்டு" என்றே காட்டியிருக்கிறது. அறுபது நாற்காலி குறைந்துபோய், பக்கத்து ஊர்க் கடையில் இரவோடு இரவாக எடுத்துக் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகுதான் டிரான்சாக்‌ஷன் என்றால் என்ன, தரவுத்தளத்தில் ஒரு வரிசையை வேறு யாரும் மாற்றாதபடி பூட்டிவிட்டுப் படிப்பது எப்படி என்று தேடிப் படித்து, அப்படிப் பூட்டும் செலக்ட் ஃபார் அப்டேட் கட்டளையைப் போட்டிருக்கிறார்.

நான் விடவில்லை. "மொத்தம் 200 நாற்காலி. 3-ஆம் தேதிக்கு 120 போய்விட்டது. 5-ஆம் தேதிக்கு வேறொருவர் 120 எடுத்திருக்கிறார். இப்போது 3 முதல் 5 வரை 80 வேண்டும் என்று ஒருவர் வருகிறார். உங்கள் கணக்கு என்ன சொல்லும்?" அவருடைய குறியீடு, புது ஆர்டரின் தேதிகளோடு மோதும் பழைய ஆர்டர்களை எல்லாம் கூட்டியது. அப்படிக் கூட்டினால் 240. இருப்பே இல்லை என்று வரும். உண்மையில் எந்த நாளிலும் 120-க்கு மேல் வெளியே போகவில்லை, 80 தாராளமாகக் கொடுக்கலாம். தாளைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "தப்பு சார். மொத்தமாகக் கூட்டக் கூடாது, நாள்வாரியாக எண்ண வேண்டும். மாமா நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம் போட்டுத்தான் எழுதுவார்" என்றார்.

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. இவர்தான் செய்தார் என்பதில் எனக்கு இனி ஐயமில்லை. மறுநாள் கடிதம் போனது.

நீங்களும் அப்படி ஒன்றைத் தேட வேண்டும். உங்கள் தெருவிலேயே இருக்கும்: பால் சொசைட்டி, சீட்டுக் கம்பெனி, டியூஷன் சென்டர், மாவு மில், லாரி செட், கோயில் அன்னதான வரவு செலவு. நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதும் யாராவது ஒருவரைப் பிடியுங்கள். முதல் வாரம் கோடிங் வேண்டாம். அந்த நோட்டை மட்டும் பாருங்கள். எதை அடித்து எழுதுகிறார், ஓரத்தில் எதைக் குறித்துவைக்கிறார் என்று பாருங்கள். சிக்கலான தர்க்கம் எல்லாம் அந்த ஓரத்தில்தான் கிடக்கும். பிறகு மிகச் சிறியதாக ஒன்று கட்டிக் கொடுங்கள். அவர் ஒரு மாதம் பயன்படுத்தட்டும், திட்டட்டும். அந்தத் திட்டுகளைத் தேதியோடு குறித்துவையுங்கள். நேர்காணலில் சொல்லப் பொருள் அதுதான்.

தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை படித்ததையே வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா, ஸ்பிரிங் பூட் என்றால் அதுவே. பைத்தான் என்றால் அதுவே. தரவுத்தளம் மட்டும் ஒழுங்கான ஒன்றாக, மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ்ஸாக இருக்கட்டும். அது உங்கள் மடிக்கணினியில் மட்டும் ஓடாமல் ஒரு லினக்ஸ் சர்வரில் ஓட வேண்டும். அதை ஏற்றிவைக்கப் படும் பாட்டில், கோர்ஸில் சொல்லித்தராத பாதி விஷயம் வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பயன்படுத்துங்கள், நாங்களும் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறோம். ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: அது எழுதித் தந்த பகுதியை மறுநாள் காலையில் பார்க்காமல் தாளில் எழுத முடியவில்லை என்றால், அந்தப் பகுதியை அழித்துவிட்டு நீங்களே எழுதுங்கள்.

நான்காம் படி: ரெஸ்யூமே, கிட்ஹப்

ஒரு பக்கம் போதும். புகைப்படம், அப்பா பெயர், மதம், "மேற்கண்ட விவரங்கள் உண்மை" என்ற உறுதிமொழி எதுவும் வேண்டாம். மேலே பெயர், போன், மின்னஞ்சல், உங்கள் குறியீட்டை ஏற்றிவைக்கும் கிட்ஹப் தளத்தின் இணைப்பு. அதற்குக் கீழேயே ப்ராஜெக்ட். "ரியாக்ட், நோட், மோங்கோ பயன்படுத்தி உருவாக்கப்பட்டது" என்று எழுதுவதைவிட, "ஒரு வாடகைக் கடை ஐந்து மாதமாகப் பயன்படுத்துகிறது; இரட்டை முன்பதிவுச் சிக்கலைத் தீர்த்தேன்" என்று எழுதினால் நான் நின்று படிப்பேன். தெரிந்த மொழிகள் என்று பதினெட்டை அடுக்காதீர்கள். பட்டியலில் உள்ள எதைப் பற்றியும் கேள்வி வரலாம். டாக்கர் என்று போட்டுவிட்டு அதன் கோப்பில் முதல் வரி என்ன என்று தெரியாமல் விழித்தவர்கள் அநேகர்.

கிட்ஹப்பில் ஒரே நாளில் ஒரே கமிட்டாக, அதாவது ஒரே பதிவாக, முழு ப்ராஜெக்டும் ஏறியிருந்தால், எங்கிருந்தோ எடுத்துப் போட்டது என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். மூன்று மாதம் பரவிக் கிடக்கும் சின்னச் சின்னக் கமிட்டுகளே உங்களுக்கு நல்ல சாட்சி.

வேறு வேலை பார்த்த காலத்தை மறைக்காதீர்கள். மெக்கானிக்கல் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு ஆண்டு குவாலிட்டி பார்த்தவர் அதை வெட்கப்பட்டு நீக்கிவிடுகிறார். தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்துக்கு அந்த இரண்டு ஆண்டுதான் தேவை. ஸ்கிராப், ரீவொர்க், ஷிஃப்ட் ரிப்போர்ட் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமே.

ஐந்தாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

எல்லோரும் நிற்கும் வரிசை நௌக்ரி, லிங்க்ட்இன். அங்கே ஒரு நாளைக்கு நூறு இடத்துக்குப் பொத்தானை அழுத்துவதை நான் வேலை தேடுவதாகவே கணக்கில் எடுப்பதில்லை. காலையில் அரை மணி நேரம் கொடுங்கள், போதும். மிச்ச நேரத்துக்கு வேறு கதவுகள் உண்டு.

சோஹோ போன்ற ப்ராடக்ட் நிறுவனங்கள் பட்டத்தைவிடப் ப்ரோகிராம் எழுதும் திறனைத்தான் பார்க்கின்றன. சோஹோவின் எழுத்துச் சுற்று முடிந்ததும் வரும் ப்ரோகிராமிங் சுற்றுகளில் ரயில் டிக்கெட் முன்பதிவு, வாடகை டாக்ஸி போன்ற ஒரு முழு அமைப்பையே சில மணி நேரத்துக்குள் எழுதச் சொல்வார்கள். ஸ்பிரிங் பூட் போன்ற ஆயத்த ஃப்ரேம்வொர்க் எதுவும் கை கொடுக்காது. மொழியின் அடிப்படை மட்டுமே துணை. கோர்ஸில் நேராக ஸ்பிரிங் பூட்டுக்குத் தாவியவர்கள் விழுவது இங்கேதான். இந்தச் சுற்றுக்கு மூன்று மாதம் தனியாகத் தயாரானால் வேறு எந்த நேர்காணலுக்கும் அது உதவும். (தம்பி தங்கை பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்து வீட்டில் இருந்தால், அதே நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியைப் பாருங்கள். கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருகிறார்கள்.)

அடுத்தது பத்து முதல் ஐம்பது பேர் உள்ள சிறு நிறுவனங்கள். முதல் வேலைக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது இவற்றைத்தான். திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு, கோவை பம்ப் தொழிற்சாலைகளுக்கு, மருத்துவமனைகளுக்கு, பள்ளிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் இவர்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள். முந்நூறு ரெஸ்யூமே வந்தால் அதைப் பார்க்க அங்கே ஆளில்லை. ஆகவே நீங்கள்தான் தேடிப்போக வேண்டும். விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியிலும், தஞ்சாவூரிலும் சேலத்திலும் அதே ஆண்டு செப்டம்பரிலும் மினி டைடல் பூங்காக்கள் என்ற சிறு ஐடி வளாகங்கள் திறக்கப்பட்டன. அந்தப் பக்கம் இருப்பவர்கள் அங்கே எந்தெந்த நிறுவனங்கள் வந்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றின் தளத்தையும் பார்த்து, உரிமையாளருக்கோ தொழில்நுட்பத் தலைவருக்கோ ஐந்து வரியில் கடிதம் எழுதுங்கள். "உங்கள் பள்ளி நிர்வாக மென்பொருளைப் பார்த்தேன். எங்கள் ஊர் டியூஷன் சென்டருக்கு இப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், இணைப்பு இது. ஒரு வாரம் வேலை கொடுத்துப் பாருங்கள்." இருபது கடிதத்துக்கு இரண்டு பதில் வந்தாலே நல்ல விகிதம். சம்பளம் மாதம் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்பார்கள். மனம் சுணங்கும். ஆனால் ஓராண்டில் வாடிக்கையாளரோடு பேசி, சர்வரில் ஏற்றி, இரவு பத்து மணிக்குப் பிழை திருத்தி எல்லாவற்றையும் பார்த்துவிடுவீர்கள். பெரிய நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்சில் இருந்தவரைவிட உங்களுக்கு அடுத்த நேர்காணலில் சொல்ல அதிகம் இருக்கும்.

மூன்றாவது, பக்கவாட்டுக் கதவு: டெஸ்டிங், அப்ளிகேஷன் சப்போர்ட், இம்ப்ளிமென்டேஷன். டெவலப்பர் வேலைதான் வேண்டும் என்று இவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். சேரும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தரவுத்தளத்தில் எஸ்கியூஎல் எழுத வேண்டியிருக்குமா, லாக் கோப்புகளைப் படிக்க வேண்டியிருக்குமா? ஆம் என்றால் தாராளமாகச் சேருங்கள். ஒன்றரை ஆண்டில் அங்கிருந்து டெவலப்மென்டுக்கு மாறியவர்கள் என் அணியிலேயே இருக்கிறார்கள். வெறுமனே போனை எடுத்து டிக்கெட் பதிவதுதான் வேலை என்றால் பணத்தேவை இருந்தால் ஒழிய வேண்டாம்.

பட்டம் அல்லது டிப்ளமோ உள்ளவர்கள் மத்திய அரசின் நாட்ஸ் தளத்தில் அப்ரண்டிஸாகப் பதிந்துவையுங்கள்; தென் மண்டல அலுவலகம் தரமணியில் இருக்கிறது. ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகை உண்டு.

கடைசியாக ரெஃபரல், அதாவது நிறுவனத்துக்குள் இருப்பவர் உங்களைப் பரிந்துரைப்பது. லிங்க்ட்இன்னில் முன்பின் தெரியாதவரிடம் "அண்ணா, ரெஃபர் செய்யுங்கள்" என்று கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். உங்களைத் தெரிந்தவர்தான் செய்வார். தெரிந்துகொள்ள வைக்கும் இடங்கள் இருக்கின்றன. சென்னைப்பை பைத்தான் குழு மாதந்தோறும் கூடுகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தமிழிலேயே இணையத்தில் கூடுகிறது. 2012 முதல் தமிழில் கணிநுட்பம் எழுதிவரும் கணியம் இதழுக்கு நீங்கள் கற்றதைக் கட்டுரையாக எழுதி அனுப்பலாம். நான்கு கூட்டத்துக்குப் போய், ஐந்தாவதில் உங்கள் ப்ராஜெக்டின் கதையைப் பத்து நிமிடம் சொல்லுங்கள். அன்று அங்கே இருப்பவர்களில் யாராவது ஒருவர் ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

ஆறாம் படி: நேர்காணல்

ஆப்டிடியூட்டுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் போட்டால் ஆறு வாரத்தில் கைவரும். அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எஸ்கியூஎல்லில் ஜாயின், குரூப் பை, இரண்டாவது அதிகச் சம்பளம் வாங்குபவரைக் கண்டுபிடிக்கும் அந்தப் பழைய கேள்வி எல்லாம் இன்றும் கேட்கப்படுகின்றன. அவற்றைத் தாளில் எழுதிப் பழகுங்கள்.

ஆன்லைன் நேர்காணலில் இன்னொரு திரையைப் பார்த்துப் பதில் சொன்னால் எங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். கேள்வி முடிந்ததும் ஒரு சின்ன மௌனம், பிறகு கண் இடமிருந்து வலமாக ஓடும், பிறகு பாடப்புத்தக வாக்கியம். தெளிவாகத் தெரிகிறது. இதனாலேயே பல நிறுவனங்கள் மறுபடியும் நேரில் வரச் சொல்கின்றன.

தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, ஆனால் இப்படிக் கண்டுபிடிக்க முயல்வேன்" என்று சொல்லி, வாய்விட்டு யோசியுங்கள். ஆங்கிலம் திக்கினால் பரவாயில்லை. தமிழில் சொல்லட்டுமா என்று கேளுங்கள். சென்னையில் பல நேரம் தலையாட்டுவார்கள். ஒவ்வொரு நேர்காணல் முடிந்த அன்றே, பஸ்ஸில் வரும்போதே, கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவையுங்கள். பத்தாவது நேர்காணலில் முக்கால்வாசிக் கேள்வி உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

ஏழாம் படி: குழிகள்

மூன்று மாதம் கடந்து பணம் தீரும்போது ஒரு போன் வரும். "மூன்று வருட அனுபவம் போட்டுத் தருகிறோம். சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எல்லாம் பக்காவாக இருக்கும்." சில நேரம் பயிற்சி மையமே இதை மென்மையாகச் சொல்லும். என் பழைய அறை நண்பன் ஒருவன் இதில் விழுந்தான். சேர்ந்து நான்காம் மாதம் பின்னணிச் சரிபார்ப்பு வந்தது. வருங்கால வைப்புநிதிக் கணக்கில் அந்த மூன்று ஆண்டுக்கு ஒரு பதிவும் இல்லை. பிடித்த வரியைக் காட்டும் வருமான வரியின் 26ஏஎஸ் படிவத்திலும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு மடிக்கணினியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பிறகு உண்மையாகவே வேலை செய்த அந்த நான்கு மாதத்தையும் அவனால் எங்கும் காட்ட முடியவில்லை. இப்போது சரிபார்ப்பு இன்னும் இறுகிவிட்டது. "இவர்தான் செய்தாரா" என்ற கேள்விக்கு நீங்களே பொய்ப் பதில் எழுதிக் கொடுப்பது இது. போலி ஆவணம் குற்றமும்கூட.

வேலைக்கு முன்பணம், டெபாசிட், மடிக்கணினிக் கட்டணம் என்று யார் கேட்டாலும் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் செல்லாது, சும்மா கையெழுத்துப் போடு என்று அறை நண்பர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தொகையும் காலமும் நியாயமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அசல் சான்றிதழை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இனிமேல்தான் கோர்ஸில் சேரப்போகிறீர்கள் என்றால் இந்தப் பத்தி உங்களுக்கு. "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்ற பலகையைப் பார்த்தால் அமெரிக்காவின் லாம்ப்டா ஸ்கூலை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம் மாணவர்களிடம் 71 முதல் 86 விழுக்காடு பேருக்கு வேலை கிடைப்பதாக விளம்பரம் செய்தது. முதலீட்டாளர்களிடம் காட்டிய கணக்கு 50 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது, சில பேட்ச்களில் 30 வரை இறங்கியது என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் அறிவித்து, மாணவர்களுக்குக் கடன் கொடுக்கவே தடை விதித்தது. நம் நாட்டிலும் 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பயிற்சி மையங்கள் தேர்ச்சி, வேலை பற்றிப் பொய் உறுதி கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது, புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. சேரும் முன் கடைசி பேட்ச்சின் மூன்று பேரோடு நீங்களே பேச வேண்டும் என்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் புகைப்படங்களிலிருந்து வேண்டாம், வருகைப் பதிவேட்டிலிருந்து. தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வட்டியில்லாத் தவணை என்பது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். மையம் பூட்டிக்கொண்டு போனாலும் தவணை நிற்காது. டிஜிட்டல் கடனாக இருந்தால், ரிசர்வ் வங்கியின் 2025-ஆம் ஆண்டு விதிப்படி குறைந்தது ஒரு நாளாவது அபராதமின்றி விலகும் அவகாசம் தர வேண்டும். வீட்டுக்குப் போய் யோசிக்க அந்த ஒரு நாளைப் பயன்படுத்துங்கள்.

எட்டாம் படி: கடிதம் வந்த பிறகு

முதல் சம்பளம் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்றால் அதிர்ச்சியடைய வேண்டாம். சேவை நிறுவனங்களில் பத்தாண்டுக்கு மேலாக அந்த எண் ஏறத்தாழ அங்கேயே நிற்கிறது. பேரம் பேசும் இடம் முதல் வேலையில் குறைவு. ஆனால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சேரும் தேதி, நோட்டீஸ் காலம், வைப்புநிதி பிடிப்பார்களா என்பது. வாங்கிய கடிதத்தோடு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை இந்தச் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். சேரும் நாள்வரை மற்ற நேர்காணல்களை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய தொல்லை: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் "எஸ். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் செல்வராஜ்", பான் அட்டையில் "செல்வராஜ் கார்த்திக்" என்று மூன்று பேராக இருப்பீர்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாவிட்டால் பின்னணிச் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும். வைப்புநிதிக் கணக்கும் பின்னால் சிக்கலாகும். வேலை தேடும் இந்த மாதங்களிலேயே ஒரு நாள் இ-சேவை மையத்துக்குப் போய் ஆதாரில் உள்ளதைச் சரிசெய்துவிடுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்விட்டால் டோக்கன் சீக்கிரம் கிடைக்கும்.